ஆண்டவர் எடுக்காத கை

என் கணவரின் குடல் அவருடைய வயிற்றுக்கு வெளியே கிடந்ததை நான் என் கண்ணால் கண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும், பிறகு மிச்சத்தைச் சொல்ல முடியாமல் போகும்.

என் பெயர் றோசலின். நெடுந்தீவில் இந்தக் கோவிலுக்கு வருகிற எல்லாருக்கும் என்னைத் தெரியும். என் குணமும் தெரியும். மீன் வாங்கினால் செவுளை இரண்டு தரம் தூக்கிப் பார்ப்பேன். மருந்துச் சிட்டையை இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுப்பேன், இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் இருவரும் கதைத்து வைத்துச் சொல்லுகிறார்களோ என்று யோசிப்பேன். என் கணவர் அருளப்பு என்னை "வீட்டுப் பொலிஸ்" என்றுதான் கூப்பிடுவார். பூசையில் எழும்பிச் சாட்சி சொல்ல வரும்படி எங்கள் பங்குச் சுவாமி மூன்று தரம் கேட்டார். என்னிடம் ஏன் இப்படி வற்புறுத்திக் கேட்கிறார் என்று அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது.

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, காலை எட்டு மணியளவில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கணவர் பின் வளவில் கல்வேலியடியில் நின்றார். "ஐயோ" என்று ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம்தான். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தேங்காய்த் துருவலையை விட்டுத் தூக்கி எறிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் நிலத்தில் விழுந்து கிடக்கிறார். பக்கத்து வளவுப் பரமேஸ்வரியின் நாம்பன் மாடு நாலு அடி தள்ளித் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. கொம்பில் இரத்தம். இடது பக்க விலா எலும்புக்குக் கீழே சட்டை கிழிந்து, அதற்குள்ளால், கோழி உரிக்கும்போது நாங்கள் காண்கிற மாதிரி, குடல் ஒரு கை அளவு வெளியே வந்திருந்தது.

எனக்கு முன்னமே பரமேஸ்வரி அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள்.

இந்தப் பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் சைவக்காரர். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே கல் அடுக்கிய வேலி. அந்த வேலியை இரண்டு முழம் எங்கள் பக்கம் தள்ளி அடுக்கிவிட்டாள் என்பது என் வழக்கு. நாங்கள்தான் தள்ளினோம் என்பது அவள் வழக்கு. மூன்று வருடமாக முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அவளுடைய மாடு என் கணவரைக் குத்திவிட்டது, மாடு ஓடுவதற்குள் அவள் வந்துவிட்டாள். இது எப்படி என்று என் மனம் அந்த நிமிடமே கேட்டது. அவிழ்த்து விட்டிருக்கிறாள் என்று என் மனமே பதிலும் சொன்னது.

நான் குனிந்து குடலைக் கையால் உள்ளே தள்ளப் போனேன். வேறென்ன செய்வது? வெளியே வந்ததை உள்ளே வைக்கத்தானே வேண்டும்? அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதை றோசலின்! உள்ளுக்குத் தள்ளாதை. குடல் நெரிபடும், ஊத்தை உள்ளை போகும். துவைச்ச வெள்ளைச் சீலை ஒண்டு கொண்டு வா. கொதிச்சாறின தண்ணியும் கொண்டு வா. ஓடு!"

மூன்று வருடத்துக்குப் பிறகு என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை "தொடாதை". என் புருஷனை நான் தொடக்கூடாது! ஆனாலும் ஓடினேன். ஏன் ஓடினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அவள் சீலையை நனைத்து, பிழியாமல், குடலின் மேல் மெதுவாகப் போட்டாள். அதற்கு மேல் ஒரு சுத்தமான பொலித்தீன் தாளைப் போட்டு, இன்னொரு சீலையால் சுற்றிக் கட்டினாள். இறுக்கிக் கட்டவில்லை. சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்குத்தான். இரத்தம் வருகிற இடத்தை இறுக்கித்தானே கட்ட வேண்டும் என்று கேட்டேன். அவருடைய முழங்காலை மடித்து, அடியில் தலையணை வைத்தாள். முதுகுக்கு நெல்லுச் சாக்கை வைத்து அரைவாசி இருத்தினாள். காயப்பட்ட மனிதனைக் கிடத்தாமல் யாராவது இருத்துவார்களா?

"அவருக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாக் கிடக்கு. விலா எலும்பும் உடைஞ்சிருக்கும். இப்பிடி இருந்தாத்தான் மூச்சு விடலாம்" என்றாள்.

நாலைந்து வருடத்துக்கு முன் ஊருக்குள் முதலுதவி வகுப்பு ஒன்று நடந்தது. அவள் ஐந்து நாளும் போனாள். கை காலுக்குத் துணி சுற்றிப் பழகுகிறாளாம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள். அந்த வகுப்பை நம்பி என் கணவரை இவள் கையில் விடுவதா?

அப்போது அவர் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார்.

நான் எழும்பினேன். பரமேஸ்வரி, "ஒரு சொட்டும் குடாதை" என்றாள். "ஒப்பரேசன் செய்ய வேண்டி வரும். மயக்க மருந்து குடுக்கேக்கை வயித்திலை கிடக்கிறது சத்தியா வந்து நெஞ்சுக்குள்ளை போகும்."

எங்கள் ஊரில் சாகக் கிடக்கிறவன் தண்ணீர் கேட்டால் பகைவனும் கொடுப்பான். இவள் வேண்டாம் என்கிறாள். அவளுடைய மாடு, அவளுடைய வேலி, இப்போது தண்ணீரும் இல்லை. என் சந்தேகம் முற்றிப் போய்விட்டது. இவர் பிழைத்து எழும்பினால் வழக்கு வரும், பிழைக்காவிட்டால் வராது என்று இவள் நினைக்கிறாள். அப்படியே நம்பினேன், சகோதரங்களே. ஒளிக்க ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர்ச் சூசை அண்ணை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் மெத்தை போட்டுக் கொண்டு வந்தார். தீவு ஆஸ்பத்திரியில் டொக்டர் சேலைன் ஏற்றினார், என் கணவரின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், உடனே யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும் என்றார். கட்டை அவிழ்க்கவில்லை. அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "யார் கட்டினது?" என்று கேட்டார். அது ஏதோ பிழையைக் கண்டுபிடித்த கேள்வி என்று நினைத்தேன். பிறகு அவர் பரமேஸ்வரியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சன்னமான குரலில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நானும் படகிலை வாறன்" என்று மட்டும் சொன்னாள். பொலிசில் நான் எதைச் சொல்லுகிறேன் என்று காவல் இருக்கத்தான் வருகிறாள் என்று முடிவு கட்டினேன்.

அன்றைக்குச் சோழகக் காற்று நல்லா அடித்தது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வரைக்கும் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து கூட வந்த தாதி ஒரு கையால் சேலைனையும் மறு கையால் ஒக்சிசன் மூடியையும் பிடித்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரி என் கணவருக்குப் பக்கத்தில் பலகையில் இருந்து, ஒரு கையால் கட்டைத் தாங்கி, மறு கையால் மடித்த முழங்காலைப் பிடித்திருந்தாள். என் கணவரின் உதடு வெளுத்து, ஓரம் நீலமாகிக்கொண்டு வந்தது.

என் பையில் கோவிலில் எடுத்த தீர்த்தப் போத்தல் இருந்தது. நாங்கள் சாகக் கிடக்கிறவர்களுக்கு அதில் ஒரு மிடறு கொடுப்போம், உங்களுக்குத் தெரியும். தாதி சேலைனைப் பார்க்கிற நேரமாகப் பார்த்து மூடியைத் திறந்தேன். பரமேஸ்வரி என்னையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"நெத்தியிலை பூசு, றோசலின். வாயிலை விடாதை."

தீர்த்தம் கொடுக்க வேண்டாம் என்று ஒரு சைவக்காரி எனக்குச் சொல்லுகிறாள்! கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும், தான் சாகப் போகிறார் என்று. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் செபித்தேன். என்ன செபித்தேன் என்று உள்ளபடி சொல்லுகிறேன். "ஆண்டவரே, இந்தப் பொம்பிளையின்ரை கையை அவரிலை இருந்து எடும்." செபமாலை மணி ஒவ்வொன்றுக்கும் இதைத்தான் சொன்னேன். அருள் நிறைந்த மரியே என்று சொல்ல வேண்டிய இடத்தில் இதைச் சொன்னேன்.

நடுக்கடலில் பரமேஸ்வரிக்குச் சத்தி வந்தது. அவள் கையை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பித் தன் தோளிலேயே வாந்தி எடுத்தாள். இதுதான் தருணம் என்று நான் போத்தலை அவருடைய வாய்க்குக் கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்துப் படகு ஒரு பக்கம் சரிந்தது. போத்தல் என் கையை விட்டுப் பாய்ந்து, கவிழ்ந்து, தீர்த்தம் முழுவதும் படகின் அடியில் கிடந்த உப்புத் தண்ணீரோடு கலந்து போனது. ஆண்டவரோடு எனக்குக் கோபம் வந்தது. நீரும் அவளோடு சேர்ந்துகொண்டீரோ என்று கேட்டேன்.

துறையில் நின்ற அம்புலன்சில் ஏற்றி யாழ்ப்பாணம் போய், ஆஸ்பத்திரிக் கதவு திறந்ததும் டொக்டர் கேட்ட கேள்விகளில் ஒன்று, "கடைசியா எப்ப, என்ன குடிச்சவர்?"

முன்னமே அவரிடம் கேட்டு வைத்திருந்த பரமேஸ்வரி சொன்னாள்: "காலமை ஏழு மணிக்குத் தேத்தண்ணி, டொக்டர். அதுக்குப் பிறகு ஒரு சொட்டும் இல்லை." டொக்டர் தலையாட்டிவிட்டு அவருடைய நெஞ்சைத் தட்டிப் பார்த்தார். என்னை வெளியே அனுப்பினார்கள். விலாவுக்குள்ளால் ஒரு குழாய் வைத்துக் காற்றை வெளியே எடுத்தார்களாம், நுரையீரல் சுருங்கிப் போயிருந்ததாம். அந்தக் குழாயோடுதான் ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டு போனார்கள்.

நாலு மணித்தியாலம். அதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்கிற பொலிஸ்காரர் ஒருவர் எழுத வந்தார். மாடு எப்படி உங்கள் வளவுக்குள் வந்தது என்று கேட்டார். "அவையள் அவிட்டு விட்டவை" என்று சொன்னேன். பரமேஸ்வரி பத்தடி தூரத்தில் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் ஒன்றும் பேசவில்லை. குற்றம் உள்ளவள்தான் பேசாமல் நிற்பாள் என்று நினைத்தேன்.

சத்திரசிகிச்சை செய்த டொக்டர் வெளியே வந்தபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். முகத்தைப் பார்த்து எதையும் படிக்க முடியவில்லை.

"உயிருக்குப் பயமில்லை அம்மா. ஓட்டை விழுந்த துண்டை வெட்டித் தைச்சிருக்கிறம். மிச்சக் குடலைக் காய விடாமல் ஈரத்துணி போட்டு வைச்சிருந்தபடியாத்தான் அதைக் காப்பாத்த முடிஞ்சது. தட்டையாக் கிடத்தி இறுக்கிக் கட்டியிருந்தா இஞ்சை வந்து சேரும் வரைக்கும் மூச்சு நிண்டிருக்காது. வயிறும் வெறுமையா இருந்தது நல்லதாப் போச்சு. ஆர் கூட வந்தது?"

நான் திரும்பிப் பார்த்தேன். பரமேஸ்வரி விறாந்தைச் சுவரில் தலையைச் சாய்த்து நித்திரையாகிப் போயிருந்தாள். அவளுடைய விரல் இடுக்கில் என் கணவரின் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தோளில் சத்தியின் நாற்றம். அந்தச் சீமெந்து நிலத்தில் இருந்து அழுதேன். இவ்வளவு நேரமும் நான் எதைக் கேட்டுச் செபித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கையை எடும் என்றல்லவா கேட்டேன்! கேட்டபடி எடுத்திருந்தால் நான் இன்று விதவை.

இனிச் சொல்லப் போவதை என் பிள்ளைகளுக்கும் நான் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் அந்தக் கல்வேலியைப் பிரித்தது என் கணவர். பிரிக்கச் சொன்னது நான். அவள் கிணற்றடியில் நிற்கிற நேரமாகப் பார்த்து, எங்கள் இரண்டு முழத்தைத் திருப்பி அடுக்கிவிடுங்கள் என்று நச்சரித்து அனுப்பினேன். அவர் கல்லைப் பிடுங்கின இடைவெளிக்குள்ளால்தான் நாம்பன் வந்தது. அது தன் வளவுக்குள் தன்பாட்டில் நின்ற மாடு. யாரும் அவிழ்த்துவிடவில்லை. மற்ற எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், இது எனக்குத் தெரிந்திருந்தும், என்னை ஒரு நிமிடமும் சந்தேகப்படவில்லை.

பொலிஸ்காரரைத் தேடிப் போய் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர் என்னை ஏசினார். ஏசட்டும். திரும்பி வந்தபோது பரமேஸ்வரி விழித்திருந்தாள். பக்கத்தில் இருந்தேன். மூன்று வருடமாக வாய்க்கு வராத வார்த்தை வந்தது.

"அக்கா, வேலியைப் பிரிச்சது நாங்கள்தான்."

"தெரியும். ஓடி வரேக்கையே கண்டனான். கல்லெல்லாம் உங்கடை பக்கம் குமிஞ்சு கிடந்தது."

"தெரிஞ்சு கொண்டோ இவ்வளவும் செய்தனீங்கள்? ஏன் அப்பவே ஒண்டும் கேக்கேல்லை?"

"அந்தாள் மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்குது. அதுக்குள்ளை வேலிக் கதை கதைக்கிறதோ?" என்றாள். பிறகு, "முகத்தைக் கழுவிப் போட்டு வா. கண் முழிக்கேக்கை உன்னைத் தேடுவார்" என்றாள்.

அருளப்பு பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் தீவு டொக்டர் அன்றைக்கு அவளிடம் தனியாகச் சொன்னது, கட்டைக் கையால் தாங்கி அவரை இப்படியே இருத்திக்கொண்டு போ என்பதுதானாம். இன்றைக்கு இதோ அந்த வாங்குப் பலகையில் இருக்கிறார். பாரம் தூக்கக் கூடாது, மற்றப்படி சுகம். வேலியைப் பழைய கோட்டில் பரமேஸ் அக்காவின் மகனும் சூசை அண்ணையும் அடுக்கினார்கள். இரண்டு முழம் யாருடையது என்று நான் கேட்கவில்லை. அடுத்த முதலுதவி வகுப்பு வந்தபோது நானும் போனேன். வயிற்றுக் காயம் என்றால் குடலைத் தள்ளாதே, ஈரத்துணி போடு, முழங்காலை மடி, வாயால் ஒன்றும் கொடாதே. இதை இந்தக் கோவிலில் உள்ள ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக் கொடுக்கத் தயார். தீர்த்தம் நெற்றியில் பூசினாலும் தீர்த்தம்தான்.

சகோதரங்களே, நீங்களும் ஆண்டவரிடம் நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார். உதவிக்கு ஆள் அனுப்பினால், அந்த ஆள் யார், எந்தக் கோவில், எந்த வளவு என்று விசாரணை வைக்காதேயுங்கோ. நான் வைத்தேன். என் வாய் முழுக்கச் சந்தேகமும் கை முழுக்கச் செபமாலையுமாக, மணிக்கு மணி பிழையான வேண்டுதலைச் சொன்னேன். அவர் அதில் ஒன்றையும் எனக்குத் தரவில்லை. என் கணவரை மட்டும் தந்தார். அவருக்கு நன்றி. பரமேஸ் அக்காவுக்கும் நன்றி. அவ வெளியிலை மர நிழலிலை நிற்கிறா, உள்ளே வரக் கூச்சமாம். போகும்போது எல்லாரும் அவவோடு ஒரு வார்த்தை கதைச்சுப் போட்டுப் போங்கோ.