கழுதைக்குக் குரல் கொடுத்தவள்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்பு மடிக்கிற வேலை அவளுக்கு. அம்மா போனதிலிருந்து தங்கையை வளர்த்தது அவள்தான். பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் "முதல்ல இவ படிச்சு முடிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பினாள். பிறகு யாரும் வரவில்லை. தங்கை கணக்கு டீச்சராக வேண்டும். வேறு ஆசை வைத்துக்கொள்ள அக்காவுக்கு நேரமும் இல்லை.

தங்கையின் பயிற்சிக் கல்லூரியில் ஆளுக்கொரு டிஜிட்டல் கதை செய்யச் சொன்னார்கள். படமும் குரலும் சேர்த்து ஒரு சின்னக் கணக்குப் பாடம். கதையில் ஒருவர் தப்பாகச் சொல்ல வேண்டும், இன்னொருவர் திருத்த வேண்டும். தங்கை தானே தப்பாகப் பேசிப் பதிவு செய்துகொண்டு போனாள்.

"நடிப்பு பல்லிளிக்குதேம்மா. நிஜமாவே தெரியாதவங்க யாரையாவது பிடி" என்றார் விரிவுரையாளர்.

தங்கை வெகுதூரம் தேடவில்லை. அன்று சாப்பிடும்போது போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா, நாலுல ஒரு பங்கு பெரிசா, எட்டுல ஒரு பங்கு பெரிசா?"

"இதென்னடி கேள்வி? நாலை விட எட்டு பெரிசு, அப்ப எட்டுல ஒண்ணுதான். என்னைப் பாத்தா லூசு மாதிரி இருக்கா?"

கல்லூரிக் கண்காட்சிக்கு அக்கா லீவு போட்டுவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் கண்ணாடி போட்ட கழுதை ஒன்று வாயைத் திறந்தது. வந்தது அவள் குரல். "லூசு மாதிரி இருக்கா?" என்று கழுதை கேட்டதும் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

"யாரு பெத்த கழுதையோ!" என்று பக்கத்து நாற்காலிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க" என்று அக்காவும் சிரித்தாள்.

வீட்டில் தங்கை கேட்டாள்: "கோவமா? உன் பேரையா போட்டேன்? யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமேடி."

"அந்தக் கழுதைக்குத்தான் முதல் பரிசே கிடைச்சுது."

மறுநாள் விரிப்பை நாலாக மடித்து, எட்டாக மடித்தபோது அக்காவுக்கு விஷயம் புரிந்தது. புரிந்த பிறகுதான் அந்தச் சிரிப்பு நன்றாக உறைத்தது. தங்கையின் பழைய ஆறாம் வகுப்புப் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் படித்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

கடைசிப் பருவத்தில் தங்கை போனை நேராகவே நீட்டினாள். "காலேஜுல இன்னொரு கதை செய்யச் சொல்லியிருக்காங்க. அதே கழுதைதான் வேணுமாம். இதுல நல்ல மார்க் வந்தாத்தான்க்கா வேலை. சொல்லு, புள்ளி அஞ்சு பெரிசா, புள்ளி முப்பத்தஞ்சு பெரிசா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "புள்ளி அஞ்சு. அது பாதி. மத்தது பாதிக்கும் கம்மி."

தங்கையின் முகம் தொங்கிப்போயிற்று. "ஐயோ! உன்னை யாரு படிக்கச் சொன்னா? காரியத்தையே கெடுத்துட்டியே!"

அக்கா போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"சரி, எப்படித் தப்பா சொல்லணும்? சொல்லிக் குடு."

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு அவள் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அன்றுதான். "அஞ்சை விட முப்பத்தஞ்சு பெரிசுன்னு சொல்லு. வெடுக்குனு சொல்லணும். கடைசில அந்த 'லூசு மாதிரி இருக்கா'வை விட்டுடாதே, சிரிப்பே அதுக்குத்தான்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"இன்னொரு தடவை" என்றாள் தங்கை. "குரல் கம்முது."