தீபாவளிச் சேலையும் லாரிச் சட்டமும்

நாளைக்கு அரசாங்கம் என்ன சட்டம் போடும், அதைக் கேட்டுக் கப்பல் எந்தப் பக்கம் திரும்பும், லாரி எங்கே போய் மாட்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட்டு, நாளை மறுநாள் அது ஏன் நடக்கவில்லை என்பதையும் அதே முகத்தோடு விளக்குவதுதான் எங்கள் தொழில்.

"மழை வரும், துணி காயப்போடாதீங்க" என்று வீட்டில் சொல்லி, வெயில் கொளுத்தி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். நீங்களும் நம்ம கட்சிதான். நான் ரூபன். லாஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படிக்கிறேன். பாசீர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் சரக்கைக் கப்பலிலும் லாரியிலும் அனுப்பி வைக்கிற ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் பிராக்டிகல் பயிற்சி. படிப்பை விட எனக்கு நன்றாக வருவது ஒன்று உண்டு: யார் குரலையும் இரண்டு நாள் கேட்டால் போதும், அப்படியே பேசுவேன். பள்ளிக்கூடத்தில் டிசிப்ளின் டீச்சர் குரலில் மைக்கில் பேசி அசெம்பிளியையே கலைத்துவிட்ட பெருமை அடியேனுக்கு உண்டு. அந்த டீச்சரே வரிசையில் நின்று வகுப்புக்குப் போனார்.

இருக்கலாம் அக்கா

ஆபீசில் என்னை உட்கார வைத்தது கஸ்தூரி அக்கா மேசையில். அதற்குப் பெயர் கணிப்பு மேசை. அமெரிக்கா வரி போட்டால் நம்ம ரப்பர் கையுறைக் கன்டெய்னருக்கு என்ன ஆகும், ரோட்டில் புதுச் சட்டம் வந்தால் லாரி கிடைக்குமா, சரக்கை இப்போது எடுக்கலாமா, பிறகு எடுக்கலாமா என்று கஸ்டமர் கேட்பார்கள். அக்கா நிறையப் படித்துப் பார்த்து, நிறைய யோசித்து, கடைசியில் பஞ்சு மாதிரி ஒரு குரலில், "இருக்கலாம், ஆனா இல்லாமலும் போகலாம்" என்பார். அந்தக் குரலை நான் முதல் வாரமே பிடித்துவிட்டேன். பேன்ட்ரியில் ஒருத்தர் "மைலோ தீர்ந்துடுச்சா?" என்று கேட்டார். நான் அக்கா குரலில், "தீர்ந்திருக்கலாம், ஆனா டின்னுக்கு அடியில கொஞ்சம் ஒட்டியிருக்கவும் வாய்ப்பு இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், திடீரென்று நிறுத்தினார்கள்.

பின்னால் பாஸ். மிஸ்டர் தனபாலன். எதைச் சொல்வதற்கு முன்னாலும் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்து, "லிசன்" என்று ஆரம்பிப்பவர். எனக்குத் திட்டு விழும் என்று நினைத்தேன். அவரோ என்னைத் தாண்டி, மைலோ கலக்க வந்த கஸ்தூரி அக்காவைப் பார்த்தார். "க்ஹம், க்ஹம். லிசன். கஸ்டமருக்கு ஆமாவா இல்லையான்னு ஒரு பதில் வேணும் லா. தங்காக் துணிக்கடை மாணிக்கம் நம்மளை விட்டுப் போறேன்னு பேசிக்கிட்டிருக்கார். இந்தத் தீபாவளிச் சரக்கு ஒழுங்கா போய்ச் சேர்ந்து அவர் நம்மகிட்ட நின்னா உன் மேசை நிக்கும். அவர் போனா மேசையும் போயிடும், புரியுதா, புரியலையா?"

மீன் என்றால் ஒன்று

மெர்சிங் செல்வி அக்கா கெரோப்போக் வியாபாரம் செய்கிறவர். மீன் அப்பளத்தைப் பெட்டி பெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார். அங்கே புது வரி வருமா என்று கேட்டுப் போன் பண்ணினார். கஸ்தூரி அக்கா விவரம் பார்க்கப் போனார், போனை என் கையில் கொடுத்துவிட்டு. சும்மா பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு என்ன பைத்தியமா? வங்கியில் போன் பண்ணினால் ஒரு பெண் பேசுமே, மெஷின் பெண், அந்தக் குரலை எடுத்தேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம். மீன் என்றால் ஒன்றை அழுத்தவும். இறால் என்றால் இரண்டை அழுத்தவும்." பிறகு மூக்காலேயே கொஞ்சம் பாட்டு. அந்தப் பக்கம் 'பீப்' என்று ஒரு சத்தம். பாவம், அழுத்தியே விட்டார். பிறகு கத்தினார்: "ஹலோ! மீனும் இறாலும் கலந்ததுக்கு எந்த நம்பரு?"

அதற்குள் கஸ்தூரி அக்கா வந்து போனைப் பிடுங்கி, என் தலையில் ஒன்று வைத்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். வரி வரலாம், வந்தாலும் தள்ளிப்போகலாம். அதை விடப் பெரிய பிரச்சினை, செங்கடல் பக்கம் ஆபத்து என்று கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, அதனால் சரக்கை முன்கூட்டியே ஏற்றிவிடுவது நல்லது. செல்வி அக்கா எல்லாவற்றுக்கும் ம்ம் போட்டார். கடைசியில் அவர் சொன்னது ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது: "முன்னாடியே ஏத்திடறேன் தங்கச்சி, ஆனா அந்தக் கப்பல்காரன்கிட்ட சொல்லு, எங்க மெர்சிங் மீனுக்குக்கூட நேரா வர்ற வழி தெரியும்!"

மழையில் ஸ்டார்ட் ஆகும் மோட்டார்சைக்கிள்

இப்போது தங்காக் மாணிக்கம் அங்கிள். தங்காக்கில் துணிக்கடை. தீபாவளிக்குச் சென்னையிலிருந்து சேலையும் பஞ்சாபி சூட்டுமாக ஒரு முழு கன்டெய்னர் வரும். அது பாசீர் கூடாங்கில் இறங்கி, லாரியில் ஏறி, கடைக்குப் போய்ச் சேர வேண்டும். தீபாவளி முடிந்து வந்தால் அவ்வளவு சேலையையும் அங்கிளே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கிளின் சிரிப்பு, மழையில் நனைந்த மோட்டார்சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது மாதிரி: க்ரர், க்ரர், க்ரர், ஹா! இதைப் பிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. தொண்டை புண்ணாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஒரு சட்டம் வரப்போவதாகப் பேச்சு. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அதிக பாரம் ஏற்றும் லாரியை ரோட்டிலேயே நிறுத்துவார்களாம். லாரிக்காரர்கள் எல்லாம் பாரத்தைக் குறைத்து ஓட்டினால் லாரிக்குத் தட்டுப்பாடு வரும். காலையிலிருந்து கஸ்டமர்கள் வரிசையாகப் போன் பண்ணினார்கள். மற்றவர்களிடம் அக்கா என்ன சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை, ஏனென்றால் நான் பாஸ் குரலில் கீழே கடைக்குப் போன் பண்ணி எல்லாருக்கும் ரொட்டி சானாய் ஆர்டர் பண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அக்கா மாணிக்கம் அங்கிளிடம் பேசிக்கொண்டிருந்தார். ஆச்சரியம், "இருக்கலாம்" எதுவும் இல்லை. "அங்கிள், முதல் தேதிக்கு முந்தியே எடுத்துடுங்க. அப்புறம் லாரியே கிடைக்காது. நிச்சயமா சொல்றேன்." க்ரர், க்ரர், க்ரர், ஹா! "நீ சின்னப் பொண்ணும்மா, உனக்குச் சட்டம் தெரியும், எனக்கு லாரிக்காரனைத் தெரியும், நான் அந்த வாரம் எல்லாம் முடியட்டும்னு காத்திருந்து மெதுவா எடுத்துக்கறேன்!"

நான் பாஸ் ஆனேன்

அக்கா முதல் தடவையாக 'நிச்சயமா' என்று சொல்லியிருக்கிறார், இந்த மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரி கிடைக்காமல் சேலை துறைமுகத்திலேயே கிடந்தால் தீபாவளி போச்சு, அங்கிள் போச்சு, மேசை போச்சு. அந்த மேசையில்தான் நான் வந்த முதல் நாளிலிருந்து அக்காவின் நாசி லெமாக்கில், அந்தத் தேங்காய்ப்பால் சோற்றில், பாதி எனக்கு வருகிறது. நன்றிக்கடன் என்று ஒன்று இருக்கிறதே.

பாஸ் சாப்பிடப் போன நேரம். அவர் அறைக்குள் போய், அவர் நாற்காலியில் சாய்ந்து, அவர் போனையே எடுத்தேன். க்ஹம், க்ஹம். "லிசன், மாணிக்கம். எங்க பொண்ணு சொன்னதைக் கேளுங்க. முதல் தேதிக்கு முந்தி எடுக்கறீங்க. புரியுதா, புரியலையா?" அந்தப் பக்கம் மோட்டார்சைக்கிள் ஸ்டார்ட் ஆகவே இல்லை. உயிரோடுதான் இருக்கிறாரா என்று பயந்துவிட்டேன். பிறகு தணிந்த குரலில் வந்தது பதில்: "நீங்களே போன் பண்ணிச் சொல்றதால, பாஸ், இந்த ஒரு தடவை அந்தப் பொண்ணு பேச்சைக் கேக்கறேன், இந்த மாசக் கடைசி வாரத்துக்கே லாரி போட்டுடுங்க."

நாசி லெமாக் நின்ற நாள்

குதித்துக்கொண்டே போய் அக்காவிடம் சொன்னேன். பாஸ் குரல், கனைப்பு, எல்லாம் நடித்தும் காட்டினேன். கைதட்டுவார் என்று பார்த்தால், கரண்டியை நாசி லெமாக்கில் குத்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "அலமாக், ரூபன்! என்ன வேலை பண்ணி வச்சிருக்க?"

விஷயம் இதுதான். சட்டத்துக்குப் பயந்து எல்லாரும் முதல் தேதிக்கு முந்தின வாரம்தான் ஓடி வருவார்கள், துறைமுக வாசலே அடைத்துக்கொள்ளும். அந்த நாள் வந்ததும் இந்த மாதிரிச் சட்டங்களில் பாதி தள்ளிப்போகும். தள்ளிப்போகாவிட்டாலும் ஓடியவர்கள் எல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்திருப்பார்கள், வாசல் காலியாக இருக்கும். அதனால் காத்திருப்பதுதான் சரி. இதுதான் அக்காவின் உண்மையான கணிப்பு. எல்லாக் கஸ்டமரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரே ஒருத்தரைத் தவிர. "அங்கிள் எங்கிட்ட கேப்பார், முழுசா கேட்டுக்குவார், அப்புறம் அதுக்கு நேர் எதிரா செய்வார். எப்பவுமே அப்படித்தான். அதனால அவருக்கு மட்டும் நான் தலைகீழாத்தான் சொல்வேன். சேலை ஒழுங்கா போய்ச் சேருதுல்ல, எனக்கு அது போதும். இத்தனை நாள்ல அவரை என் பேச்சைக் கேக்க வச்ச ஒரே ஆள் நீதான்டா!"

சொந்தக் குரல்

கடைசி வாரம் வந்தது. எங்கள் லாரி டிரைவர் ரோஸ்லான் துறைமுக வாசலிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினார். கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார், லாரி முடியவில்லை. ஒரு டிரைவர் லாரிக்குக் கீழே தூளி கட்டிப் படுத்திருந்தார். அங்கிளின் லாரி மறுநாள் அந்த வரிசையில் நிற்கப்போகிறது. நின்றால், அது வாசலைத் தொடுவதற்குள் தீபாவளி முடிந்து வடை, முறுக்கே ஊசிப்போயிருக்கும்.

"பாஸ் குரல்ல திரும்பவும் போன் பண்ணட்டுமா?" என்றேன். அக்கா இல்லை என்று தலையாட்டினார். "வேணாம். உன் சொந்தக் குரல்ல பேசு. சொன்ன பேச்சைக் கேட்டதுக்கு அவருக்கு நன்றி சொல்லு, அது போதும்." வாசகர்களே, அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. என் சொந்தக் குரல் எது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. ஒத்திகை பார்த்தேன். முதலில் அக்கா வந்தார், பிறகு வங்கி மெஷின் பெண் வந்தாள், ஒரு தடவை டிசிப்ளின் டீச்சரே வந்துவிட்டார். கடைசியில் சளி பிடித்த கோழிக்குஞ்சு மாதிரி ஒன்று வந்தது. சரி, இதுதான் போலிருக்கிறது என்று போன் பண்ணினேன்.

"அங்கிள், கஸ்தூரி அக்கா மேசையிலிருந்து ரூபன். நாங்க சொன்னபடி கேட்டதுக்கு ரொம்ப நன்றி அங்கிள். எல்லாக் கஸ்டமர்கிட்டயும் உங்களைத்தான் உதாரணமா சொல்றோம். தங்காக் அங்கிளே சொன்ன பேச்சைக் கேக்கறார், உங்களுக்கு என்னன்னு." அந்தப் பக்கம் வெடித்தது: "யாரு, நானா? சொன்ன பேச்சுக் கேக்கற ஆளா நானு? கேன்சல் பண்ணுடா அந்த லாரியை, முதல் தேதி தாண்டி எனக்கு எப்போ தோணுதோ அப்போ எடுப்பேன்னு உங்க பாஸ்கிட்டயே சொல்லு!"

ஸ்பீக்கரில் அங்கிள்

சட்டம் தள்ளிப்போனது. முந்தின நாள்தான் அறிவித்தார்கள். முதல் தேதி தாண்டி ரோஸ்லான் போனபோது வாசலில் ஒரு லாரி, ஒரு பூனை, அவ்வளவுதான். சேலைக் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு, காலைச் சாப்பாட்டுக்குத் தங்காக்கில் இருந்தார். துணியெல்லாம் பிரித்து மாட்டி, கூட்டம் வந்து, நல்ல வியாபாரமாம். அங்கிள் சந்தோஷத்தில் பாஸுக்குப் போன் பண்ணினார். பாஸ் எங்கள் மேசைக்கே வந்து, ஸ்பீக்கரில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசை நிற்குமா போகுமா என்று தெரியப்போகிறது. கஸ்தூரி அக்கா கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்த கீபோர்டை.

"என்ன பாஸ், அன்னைக்கு நீங்களே போன் பண்ணி அவ்வளவு கண்டிப்பா சொன்னீங்க. நான் கேட்டேனா?" பாஸ் முகம் சுருங்கியது. "நானா? நான் எப்போ..." என்று ஆரம்பித்தவர், மெதுவாக, கிரேன் திரும்புவது மாதிரி, என் பக்கம் திரும்பினார். நானும் ஒரு துணியை எடுத்து அதே கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். பாஸ் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பிறகு தன் பெரிய கஸ்டமரின் சந்தோஷத்தை யோசித்தார். க்ஹம், க்ஹம். "ஆமா, ஆமா. நான்தான் சொன்னேன்." க்ரர், க்ரர், க்ரர், ஹா! "வேற ஆபீசுக்குப் போலாம்னு இருந்தேன் பாஸ், இப்போ போகல. ஆனா அந்தக் கஸ்தூரிப் பொண்ணை மட்டும் மேசையை விட்டு எடுத்துடாதீங்க. அது சொல்றதுக்கு எதிரா செஞ்சு எனக்கு இதுவரைக்கும் ஒரு தீபாவளியும் கெட்டதில்ல!"

மேசையும் நின்றது, நாசி லெமாக்கும் திரும்ப வந்தது. ஆனால் அன்றிலிருந்து கஸ்தூரி அக்கா என்னிடம் "நாளைக்கு லீவு எடுத்துக்கோ ரூபன்" என்று சொன்னால், அது நேர்க் கணிப்பா தலைகீழ்க் கணிப்பா என்று புரியாமல் நான் எல்லா நாளும் ஆபீசுக்கு வந்துகொண்டிருக்கிறேன்.