எட்டுக்கு மேல் போடாத சனங்கள்

1. கண்ணாடி அறை

கிஸ்லான் கதவைச் சாத்தினால் நல்ல செய்தி இல்லை என்பது எங்கள் கராஜில் எல்லோருக்கும் தெரியும். அவர் எங்களுடைய சேர்விஸ் மனேஜர். கியூபெக்கின் வடக்கில் ஏதோ ஒரு மரம் வெட்டும் ஊரில் பிறந்த, சத்தம் போடத் தெரியாத மனிதர். 2005ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் இருந்த தாளை என் பக்கம் திருப்பி ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். ஏழு தசம் எட்டு. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தது.

அந்த எண் என்னுடையது. மொன்றியலின் சென்ட் லோரன்டில், அமெரிக்காவின் பழைய கார்க் கொம்பனி ஒன்றின் டீலரிடம் நான் சேர்விஸ் அட்வைசர். கவுண்டரில் நின்று, வாடிக்கையாளர் சொல்லும் குறையைக் கேட்டு, எழுதி, மெக்கானிக்கிடம் அனுப்பி, திருத்திய காரைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. காரைக் கொண்டுபோன இரண்டாம் மூன்றாம் நாள் கொம்பனியிலிருந்து அவர்கள் வீட்டுக்குத் தொலைபேசி வரும். உங்கள் அட்வைசருக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள். ஒன்பதும் பத்தும்தான் பாஸ். எட்டு என்றால் ஃபெயில்.

கிஸ்லான் ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்து மெதுவாகச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் என் எண் ஒன்பதைத் தொடவேண்டும். தொடாவிட்டால் என்னைக் கவுண்டரில் வைத்திருக்க மேலிடம் விடாது. நான் திரும்பவும் கார் கழுவப் போகவேண்டியதுதான்.

கார் கழுவுவது கேவலமான வேலை என்று நான் சொல்லவரவில்லை. அதே இடத்தில் நான்கு வருடம் கழுவியவன்தான். ஜனவரி மாதத்து உப்புத் தண்ணீரில் விரல்கள் வெடித்து, இரவில் சோறு குழைக்கும்போது எரியும். கவுண்டரில் கழுத்துப்பட்டி கட்டி நின்ற முதல் தமிழன் நான். என் மனைவி அந்தக் கழுத்துப்பட்டியுடன் என்னைப் படம் எடுத்துத் திருகோணமலையில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். அதைக் கழற்றினால் பிறகு அக்காவுக்கு எந்தப் படத்தை அனுப்புவது?

2. யாரும் வாசிக்காத புத்தகம்

கவுண்டருக்கு எடுத்தபோது கொம்பனியின் வரலாறு என்று ஒரு தடித்த புத்தகம் தந்தார்கள். மற்ற அட்வைசர்கள் அதைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே உயரத்துக்கு வைத்தார்கள். நான் பரீட்சை வைப்பார்கள் என்று பயந்து முழுவதும் பாடமாக்கினேன். ஒரு கொட்டிலுக்குள் தொடங்கியது, யுத்தகாலத்தில் கார் செய்வதை விட்டு லொறி செய்தது, பெற்றோல் விலை ஏறியபோது ஜப்பான்காரனிடம் அடி வாங்கியது, பிறகு தட்டுத்தடுமாறி எழும்பியது என்று எல்லாம் எனக்கு அத்துப்படி. பரீட்சை வைக்கவே இல்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தில் இல்லாத வரலாறு எங்கள் சனத்திடம் இருந்தது. இந்தக் கொம்பனியின் வான் வண்டியையும் பெரிய காரையும் ஏன் வாங்கினாய் என்று கேட்டால் ஆளுக்கொரு கட்சி. மருந்துத் தொழிற்சாலையில் மாத்திரை பெட்டியில் அடைக்கும் பத்மா அக்கா தன்னுடைய வானை ஹீற்றருக்காகவே வாங்கியவர். கனடாவில் தன்னை முதலில் சூடாக வைத்திருந்தது அந்த வான்தான் என்பார். அதே மூச்சில் குறையும் சொல்வார். "கப் வைக்கிறதுக்குப் பதினாலு ஓட்டை வைச்சிருக்கிறாங்கள் சிவா. ஆர் ஓடிக்கொண்டு இவ்வளவு குடிக்கிறது?"

மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓடும் அருளப்பு, மட்டக்களப்புக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய பழைய காருக்குக் கதவுக்குக் கீழே துருப்பிடித்த கறள், கண்ணாடி இறக்கினால் சத்தம், பெற்றோலுக்கோ தீராத தாகம். கலியாண வீடுகளில் யாராவது ஜப்பான் காரைப் புகழ்ந்தால் இதே அருளப்பு தன் காருக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சண்டைக்குப் போவார். தன் காரைத் தான் திட்டலாம், மற்றவன் திட்டக்கூடாது.

இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். எனக்கு இறைச்சி ரோல்ஸ் சுட்டுக்கொண்டு வருவார்கள். என் மகளின் பிறந்தநாளுக்கு வருவார்கள். இவர்கள்தான் எனக்கு ஏழும் எட்டும் போட்டிருந்தார்கள். கிஸ்லான் தந்த தாளில் பெயர்களும் இருந்தன.

3. முகத்தைத் தூக்கி வைத்திருந்த இரண்டு வாரம்

எனக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டேன், கதையைக் குறைத்துவிடுவேன். அடுத்த இரண்டு வாரமும் தமிழ் வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்தில் கதைத்தேன். ரோல்ஸ் வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். முன்னால் சிரித்துப் பின்னால் குத்துகிற சனம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அருளப்பு பிரேக் பார்க்க வந்தார். நான் தலையை நிமிர்த்தாமல் "கிலோமீற்றர் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டேன். அவர் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சிவா அண்ணன், என்னில ஏதும் கோவமா?"

சொல்லக்கூடாது என்று நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "நீர் எனக்கு எட்டுப் போட்டனீர்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு விளங்காமல் போனது.

"ஓம், எட்டுத்தான். ஏழரை போடத்தான் யோசிச்சன். அரைப் புள்ளி இல்லையெண்டு அந்தப் புள்ள போன்ல சொல்லிச்சு. சரி, நம்மட அண்ணனுக்குத்தானே எண்டு எட்டாப் போட்டுட்டன்."

"பத்து ஏன் போடேல்லை?"

அவர் கொஞ்சம் திகைத்தார். "பத்தா? எழுபத்தஞ்சு எடுத்தாலே அதிதிறமைச் சித்திதானே அண்ணன். நான் படிச்ச காலத்தில நூத்துக்கு நூறு ஆரு எடுத்தது? பத்துப் போட்டா இனித் திருத்த ஒண்ணும் இல்லையெண்டு ஆகிப்போகும். கண்ணாடி இன்னும் சத்தம் போடுதுதானே."

எனக்கும் தெரிந்த கணக்குத்தானே அது. நாங்கள் எல்லோரும் ஊரில் அதே பள்ளிப் பரீட்சை எழுதி வந்தவர்கள். அங்கே முப்பத்தைந்து எடுத்தவன் பாஸ், ஐம்பது எடுத்தவன் நிமிர்ந்து நடப்பான், எழுபத்தைந்து எடுத்து அதிதிறமைச் சித்தி பெற்றவன் வீட்டில் பாயாசம் காய்ச்சுவார்கள். எண்பது எடுத்த பிள்ளைக்கும் வாத்தியார் "இன்னும் கவனம் தேவை" என்றுதான் எழுதுவார். கொம்பனி கேட்ட கேள்விக்கு எங்கள் சனம் தங்கள் மனதில் இருந்த ஆகப்பெரிய மரியாதையைத்தான் கொடுத்திருந்தது. நான் அதை வாங்கத் தெரியாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

அன்று அருளப்புவின் கண்ணாடிச் சத்தத்தை நானே மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்ப்பித்தேன். முழுவதும் போகவில்லை.

4. கிஸ்லானைத் தூங்கவிடாத எட்டு

திங்கட்கிழமை கிஸ்லானிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எழுபத்தைந்து என்றால் எங்கள் ஊரில் உச்சம் என்று விளக்கினேன். நம்புவதற்காக என் பரீட்சைச் சான்றிதழையும் கொண்டுபோயிருந்தேன். அகதியாக வந்தபோது பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்த தாள் அது. கனடாவில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தவர் ஒரு கராஜ் மனேஜர்தான்.

கிஸ்லான் சான்றிதழை மேசையில் வைத்தார். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். ஒவ்வொரு வருடமும் வேலையாட்கள் தங்கள் மனேஜருக்குப் பெயர் போடாமல் புள்ளி கொடுக்கும் தாள் ஒன்று உண்டு. அதில் எல்லோரும் பத்துக் கொடுக்கிறார்கள், யாரோ ஒருவர் மட்டும் மூன்று வருடமாக எட்டுக் கொடுக்கிறார், அது யாரென்று உனக்குத் தெரியுமா என்றார்.

"அது நான்தான்" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். மூன்று வருடமாகத் தான் யாருக்கு என்ன பிழை செய்தேன் என்று யோசித்துத் தூக்கம் இழந்ததாகவும், பக்கத்துக் கவுண்டரில் நிற்கும் மார்க் என்ற அட்வைசரைச் சந்தேகப்பட்டு அவனுக்கு இரண்டு முறை மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் புள்ளியை மாற்றுகிறேன் என்று என் வாயில் வரவில்லை.

அவர் என்னை நம்பினார். ஆனால் புள்ளிகளைக் கணக்குப் பார்க்கும் மெஷின் நம்பாது என்றார். மற்ற அட்வைசர்கள் செய்வதுபோல வாடிக்கையாளர்களிடம் பத்துப் போடச் சொல்லிக் கேள் என்றார்.

5. பத்மா அக்கா போட்ட ஆறு

மார்க் சாவியைக் கொடுக்கும்போது ஒரு சொக்லேற்றும் கொடுத்து, பத்துக்குக் குறைந்தால் என் பிள்ளைகள் பட்டினி என்று சிரிப்பான். அவனுக்கு அது பொருந்தும். எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால் பழகிவிட்டு, ஒயில் மாற்ற வந்த பத்மா அக்காவிடம், "அக்கா, போன் வந்தால் பத்துப் போட்டுவிடுங்கோ" என்றேன்.

அவர் சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டார். "புள்ளி கேட்டு வாங்கிற ஆளெண்டு நான் உம்மை நினைக்கேல்லை, சிவா" என்றுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஆறு வந்தது. என் எண் ஏழரைக்கு இறங்கியது. அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. கழுத்துப்பட்டியைக் கழற்றப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். கையில் பூசும் கிறீம் ஒன்று வாங்கி வந்து குளியலறையில் வைத்தாள்.

6. சனிக்கிழமை

மூன்றாவது மாதம் எங்கள் புள்ளிகளைப் பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வருவதாக இருந்தது. அவர் வழக்கமாகப் புதன்கிழமைதான் வருவார். கிஸ்லான் ஏதோ காரணம் சொல்லி அதைச் சனிக்கிழமைக்கு மாற்றியிருந்தார். என்னிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை எங்கள் கராஜுக்குப் பக்கத்துப் பாடசாலையில் தமிழ் வகுப்பு. பிள்ளைகளை அங்கே இறக்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை காரை எங்களிடம் காட்டுவது எங்கள் சனத்தின் பழக்கம். காத்திருக்கும் அறை கோயில் மண்டபம் மாதிரி நிறைந்திருக்கும். அந்தப் பெண்மணி கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த அருளப்புவிடம் போய், கார் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கேட்டிருக்கக்கூடாது. அருளப்பு கறளில் தொடங்கினார். கண்ணாடிச் சத்தம், பெற்றோல், குளிரில் திறக்க மறுக்கும் டிக்கி என்று ஒன்றும் விடவில்லை. பெண்மணி எழுதிக்கொண்டே இருந்தார். கவுண்டருக்குப் பின்னால் நான் ஒவ்வொரு சொல்லுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டிருந்தேன். கடைசியில் புள்ளி கேட்டார். எட்டு என்றார் அருளப்பு, பெருமையாக.

இவ்வளவு குறை இருந்தால் அடுத்த முறை எந்தக் கொம்பனியின் கார் வாங்குவீர்கள் என்று அவர் கேட்டார். அருளப்புவுக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு எழும்பி யன்னல் வழியாக வெளியே நின்ற நீல நிற வானைக் காட்டினார். அது தன் மனைவியின் வான், போன மாதம் இங்கேதான் வாங்கினது என்றார். அதற்குப் பக்கத்தில் நிற்பது மச்சானுடையது, அதுவும் இங்கேதான்.

அந்தப் பெண்மணி அறையில் இருந்த மற்றவர்களிடமும் கேட்டார். எல்லோரும் குறை சொன்னார்கள். எல்லோரும் எட்டு என்றார்கள். எல்லோர் வீட்டிலும் இரண்டாவது கார், சிலரிடம் மூன்றாவது கார், எங்கள் இடத்தில் வாங்கியது. கிஸ்லான் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அன்றைக்குப்போல நான் என்றும் நேசித்ததில்லை.

என் எண் அதற்குப் பிறகும் ஒன்பதைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பெண்மணி என் கோப்பில் ஏதோ எழுதிவைத்தார். என்னைக் கழுவும் பகுதிக்கு யாரும் அனுப்பவில்லை. கோடைகாலத்தில் பத்மா அக்கா டயர் மாற்ற வந்து, வழக்கம்போல ரோல்ஸ் பெட்டியை வைத்துவிட்டு, ஆறு போட்டது கோபத்தில் என்றார். அடுத்த முறை எட்டுப் போட்டார். அந்த எட்டைப் பார்த்து நான் கழிவறைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7. கடைசிப் புள்ளி

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் உங்களுக்குப் போட்ட புள்ளியைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன்னால், அவர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று கேளுங்கள். குறை சொல்லிக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறவரைக் கவனமாகப் பாருங்கள், அவர்தான் உங்களுடைய ஆள். நான் அந்த இரண்டு வாரம் வேண்டாம் என்று சொன்ன ரோல்ஸை நினைத்தால் இப்போதும் கவலையாக இருக்கிறது.

கிஸ்லான் 2009ஆம் ஆண்டு ஓய்வுபெற்றார். காத்திருக்கும் அறையிலேயே கேக் வெட்டினோம். அவருடைய மனைவியும் வந்திருந்தார். எல்லோரும் போன பிறகு, கோட்டைப் போட்டுக்கொண்டு மனைவியுடன் கவுண்டருக்கு வந்து, பெயர் போடாத அந்தத் தாளில் இந்த வருடம் தனக்கு எத்தனை கொடுத்தேன் என்று கேட்டார்.

அரைப் புள்ளிக்கு அந்தத் தாளில் இடமில்லை. எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் பேனையால் நானே ஒரு கோடு கீறியிருந்தேன்.

"எட்டரை" என்றேன்.

கிஸ்லான் மனைவியின் பக்கம் திரும்பி, என் தோளில் கையை வைத்துப் பிரெஞ்சில் சொன்னார். இந்த மனிதன் வாழ்நாளில் ஒருவருக்கும் எட்டுக்கு மேல் போட்டதில்லை, தெரியுமா என்றார்.