அம்மாவுக்கு எல்லாச் சப்பாத்தும் பொருந்தும்

சப்பாத்துக் கடைக்காரர்கள் சாமியிடம் வேண்டிக்கொள்ளும் வாடிக்கையாளர் என் அம்மா. எதைக் காலில் மாட்டினாலும் "நல்லா இருக்குங்க" என்பார். கடிக்கிறதா என்று கேட்டால் இல்லை. இறுக்குகிறதா என்றாலும் இல்லை. ஒரு சைஸ் சின்னதாகக் கொடுத்தாலும் அதே பதில். இடது சப்பாத்தை வலது காலில் மாட்டினாலும் இதே பதில்தான் வந்திருக்கும். அதை மட்டும் நான் சோதித்துப் பார்க்கவில்லை.

காரணம் எளிது. பல வருடமாக இருக்கிற சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அம்மாவின் கால் நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டது. கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. இது எங்களுக்குத் தெரியவந்ததும் தற்செயலாகத்தான். தலவாக்கலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறார். ஒருநாள் மலையிலிருந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்தவரின் செருப்பைக் கழற்றினால், காலும் சேர்ந்து வருகிறது. ஒரு தகரத் துண்டு செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. அம்மா அதைப் பக்கத்து வீட்டு விஷயம்போல எட்டிப் பார்த்து, "இது எப்ப ஏறுச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர். சிங்களவர், தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களை மிகுந்த மரியாதையோடு பயன்படுத்துவார். மற்றதற்கு நான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலோன் நூலால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அம்மா வரிசையாகத் "தெரியுதுங்க, தெரியுதுங்க" என்றார். டொக்டர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோதும் ஒரு "தெரியுதுங்க" வந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையைப் பார்த்தேன்.

வெளியே வந்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அவரு இம்புட்டு நேரம் குனிஞ்சு உக்காந்து பாக்குறாரு. ஒண்ணுமே தெரியலன்னு சொன்னா அந்தப் புள்ளைக்கு மனசு வருந்தாதா?"

இதை அம்மாவின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம். காலையில் பெரட்டுக் களத்தில் வரிசையாய் நின்று பேர் கொடுத்து வேலைக்குப் போகிறவர்களுக்கு, கதிரையில் உட்கார்ந்திருக்கிற யார் கேள்வி கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கேட்டவர் முகம் கோணாத பதில். தோட்டத்துத் துரை "எல்லாம் சரியா?" என்றால் சரிங்க. ஓட்டுக் கேட்டு வருகிறவர் "தண்ணி வருதா?" என்றால் வருதுங்க. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் இந்தப் பதிலில்தான் அதிகம் வந்திருக்கிறது.

ஆனால் நைலோன் நூல் மரியாதைக்கு மயங்கவில்லை. டொக்டர் தெளிவாகச் சொன்னார்: அடுத்த காயம் சொல்லாமல் வரும், வலிக்காது, அதனால் ஆறாது, அப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும். மேல் லயத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே இரண்டு விரல் போயிருந்தது. அம்மாவுக்குத் தேவை நாலு பக்கமும் மூடிய, முன்பக்கம் அகலமான, உள்ளே தையல் உறுத்தாத சப்பாத்து. செருப்பே கூடாது.

நான் உயர்தரப் பரீட்சையில் உயிரியல் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. அப்படிப்பட்டவளிடம் ஒரு நோயைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? மூன்று நாள் போனில் காணொளி பார்த்தேன். அதில் வெள்ளைக்காரப் பாட்டிமார் வெள்ளைக் காலுறை போட்டுப் பூங்காவில் சமதரையில் நடந்து, "மேகத்தின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது" என்றார்கள். எங்கள் மலையில் மேகத்தின்மேல் நடப்பது தினசரி நடப்பதுதான். வழுக்கும் என்பதுதான் பிரச்சினை. இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, முதுகில் கூடையோடு செங்குத்தில் ஏறுகிறவருக்கு என்ன சப்பாத்து என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை.

லயத்தில் கால் அளவு என்றால் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று. குதிகாலிலிருந்து பெருவிரல்வரை வைத்து ஒடித்து, டவுனுக்குப் போகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் சட்டைப்பையில் நாலு வீட்டுக் கால் போகும். நீளத்துக்குத்தான் அந்த ஈர்க்கு; அகலத்துக்கு ஆண்டவன். நான் விஞ்ஞானி அல்லவா? வேலை முடிந்து கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், பெட்டி மட்டையில் இரண்டு பாதத்தையும் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்தேன். அம்மாவுக்குக் கூச்சமே இல்லை. பென்சில் போனதே தெரியாதவருக்கு எப்படிக் கூசும்?

மட்டைக் கால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனோம். கடை முதலாளி முதலில் எடுத்துப்போட்டது கூர்மூக்கு, தங்கநிற வளையம். அம்மா போட்டார், நல்லா இருக்குங்க என்றார். நான் மட்டைக் காலை உள்ளே தள்ளினேன்; அது மடங்கியது. இப்படி ஏழு சோடி. ஒவ்வொன்றிலும் கைவிட்டுத் தடவினேன், அம்மாவைப் பத்து நிமிடம் உட்காரவைத்தேன், கழற்றிச் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெண்களுக்கான சப்பாத்துச் செய்கிறவர்கள், பெண்களுக்குக் காலில் மூன்று விரல்தான் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். முதலாளி பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில் அம்மாவிடம், "மகள் சுங்கத்துல வேலையா?" என்று விசாரித்தார். அம்மா தலையை ஆட்டிவைத்தார்.

மட்டைக் கால் மடங்காமல் நுழைந்த ஒரே சப்பாத்து ஆண்கள் பக்கத்தில் இருந்தது. கறுப்பு, அகலம், லேஸ் கட்டியது, உள்ளே மெத்தென்ற தளம். காவலுக்கு நிற்கிறவர்கள் வாங்கும் மாதிரி என்றார் முதலாளி. அம்மா அதையும் போட்டுப் பார்த்து நல்லா இருக்குங்க என்றார். அந்த ஒருமுறை மட்டும் நான் அவரை நம்பினேன். பஸ்ஸில் திரும்பும்போது சப்பாத்துப் பெட்டி அம்மாவின் மடியில். காலில் பழைய செருப்பு. பஸ் ஸ்டாண்ட் சேற்றில் யாராவது புதுச் சப்பாத்தோடு இறங்குவார்களா என்றார்.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் பெரிய வரவேற்பு. சேலை, படங்கு, தலையில் கொங்காணித் துணிக்கு மேல் கூடைக்கயிறு, கீழே காவல்காரச் சப்பாத்து. "தொரசாணி வர்றாங்க, வழி விடுங்கடி" என்றார் ஒருவர். கங்காணி, யாரைப் பிடித்துக்கொண்டுபோக வந்தீர்கள் என்று கேட்டாராம். அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் தூரத்தில் நின்று பெருமைப்பட்டேன்.

அன்றுமுதல் அம்மா தினமும் சப்பாத்தோடு போய்ச் சப்பாத்தோடு வந்தார். நான் தினமும் அடிப்பக்கத்தைப் பரிசோதித்தேன். மழைக்காலம், மலை முழுக்கச் செம்மண் சேறு. சப்பாத்தோ இரண்டு வாரம் கழித்தும் கடையில் இருந்ததுபோலவே இருந்தது. உயிரியல் படித்த மூளை இதற்கு என்ன விளக்கம் கண்டது தெரியுமா? அடிப்பகுதி தரமானது, சேறு ஒட்டவில்லை. இதைத் தண்ணீர்ப் பீலியடியில் நாலு பெண்களுக்கு விளக்கவும் செய்தேன். அவர்கள் மிகக் கவனமாகக் கேட்டார்கள். எல்லோரும் அம்மாவோடு அதே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. படித்த பிள்ளை ஆசையாய்ப் பேசுகிறது, அதன் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்?

ஒருநாள் மதியம் அம்மா சாப்பிட வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நான் வழக்கம்போல எடுத்துத் திருப்பினேன். அடிப்பக்கம் சுத்தம். உள்ளே கைவிட்டேன், ஈரம். மழைத் தண்ணீர் என்று நினைத்துக் கையை வெளியே எடுத்தேன். தண்ணீர் இல்லை. நிமிர்ந்து பார்த்தால், வாசலிலிருந்து அடுப்படிவரை சிமெந்துத் தரையில் வலது காலின் தடம் மட்டும் சிவப்பாய், ஒன்று, இரண்டு, மூன்று. தடத்தின் முடிவில் அம்மா சோறு போட்டுக்கொண்டு நின்றார். இன்றைக்கு ரசம் புளிப்பாக இருக்கிறது என்றார்.

கவ்வாத்து வெட்டிய மலை வழியாகக் குறுக்கே வந்திருக்கிறார். வெட்டிய தேயிலைக் கட்டையின் சிலாம்பு பெருவிரலுக்குக் கீழே ஆழமாய்க் கிழித்திருந்தது.

அதே டொக்டர். காயத்தைக் கழுவிக் கட்டும்போது அவர் முகம் சரியில்லை. இரண்டு மூன்று வாரத்தில் மூடாவிட்டால் விரலைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்றார். சப்பாத்துப் போடுகிறாரா? டொக்டர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன், போடுறேங்க என்றார் அம்மா. அப்படியென்றால் அந்தச் சப்பாத்தில்தான் பிழை, வாங்கியது சரியில்லை, தூக்கிப் போடுங்கள் என்று டொக்டர் எழுதத் தொடங்கினார். அதை நான் தமிழில் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உடைந்திருக்க வேண்டும்.

அம்மா டொக்டரின் கையையே பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கதிரையில் இருக்கும் ஒருவரிடம் மறுத்துச் சொன்னார்:

"இல்லைங்க. சப்பாத்து மேல குத்தம் இல்ல. நான் போடல."

மலைக்கு ஏறும் முன் வருகிற கடைசி வளைவுவரை போட்டுப் போவாராம். அங்கே கழற்றிப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தேயிலைச் செடிக்கடியில் வைத்துவிட்டு, கூடையில் ஒளித்துக் கொண்டுபோன பழைய செருப்பை மாட்டிக்கொள்வாராம். வரும்போது மறுபடி மாற்றம். புதுசு வீணாகிவிடும் என்றா, கேலிக்குப் பயந்தா என்று கேட்டேன். அதுவும் கொஞ்சம் என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார்.

"காலு எங்க இருக்குன்னு காலுக்குத் தெரியல. கண்ணால பாத்துப் பாத்துத்தான் வைக்கிறேன். செருப்புன்னா வெரலு தெரியும். அந்தக் கறுப்புக்குள்ள போட்டுட்டா, செடிக்கடியில இருட்டோட இருட்டா போயிருது. எது காலு, எது மண்ணுன்னு தெரியல. விழுந்துருவேன்னு பயமா இருக்கு."

நீளம் அளந்தேன், அகலம் அளந்தேன், வீக்கத்துக்கு இடம் விட்டேன். அம்மா எப்படி நடக்கிறார் என்று கேட்கவில்லை. இதைச் சிங்களத்தில் சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. இரண்டு முறை தொடங்கி, கடைசியில் என் கண்ணையும் காலையும் தொட்டுக் காட்டினேன். டொக்டர் எழுதியதை அடித்துவிட்டு, மருந்து கட்டுகிற நாட்களை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

மூன்று வாரம் அம்மா வேலைக்குப் போகவில்லை. காயம் அடியிலிருந்து மெல்ல மூடி வந்தது. அந்த நாட்களில் ஒருநாள் அவர்தான் கேட்டார், சப்பாத்தில் விரல் முடியும் இடத்தில் ஏதாவது வெளிச்சமாய் ஒட்ட முடியுமா என்று. மோட்டார் சைக்கிளுக்கு ஒட்டும் மஞ்சள் டேப் வாங்கிவந்தேன். எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில் என்று அவர் சொன்னார், நான் ஒட்டினேன். முதலில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஏறி இறங்கிப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்து ஓர் அடி, மஞ்சளைப் பார்த்து இன்னோர் அடி. பத்து அடியில் ஒருமுறை தடுமாறினார். டேப்பை இன்னும் கொஞ்சம் முன்னால் ஒட்டச் சொன்னார்.

பெரட்டில் இப்போது அம்மாவுக்கு லொறி என்று பேர். லைட்டைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டது, ஒதுங்குங்கள் என்கிறார்கள். ஹோர்ன் அடிக்கவில்லையே என்று அம்மாவும் திருப்பிக் கொடுக்கிறார். முன்பைவிட மெதுவாகத்தான் ஏறுகிறார்; கங்காணி முணுமுணுக்கத்தான் செய்கிறார். சப்பாத்தின் அடியில் சேறு அப்பிக்கொண்டு வருகிறது. ஈர்க்கால் சுரண்டி எடுப்பது என் வேலை.

பின்னேரம் தேத்தண்ணிக்கு முன்னால் அம்மா பாதத்தை என் மடியில் நீட்டுகிறார். இன்று சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு. சொன்னேன். குனிந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதை நன்றாகப் பார்த்தார். நாளைக்கு லேஸைக் கொஞ்சம் தளர்த்திக் கட்ட வேண்டும் என்றார்.