தொண்ணூற்றொன்று யாருடைய கால்

ரின்ஸே என்ற பெயரை ஹின்கே முதன்முதலில் கேட்டது ஓர் எச்சரிக்கையாகத்தான். பால் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சாப்பாட்டு இடைவேளையில், வெண்ணெய் பொட்டலம் கட்டும் பெண் ஒருத்தி சொன்னாள்: "மெக்கானிக் ரின்ஸே கண்ணுல படற மாதிரி உன் சைக்கிளை நிறுத்தாதடி. சாயங்காலம் வந்து பார்த்தா அது தள்ளுவண்டியா நிக்கும்."

அதில் பாதியைத்தான் அவள் வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதியை, அந்த ரின்ஸேயையே கட்டிக்கொண்டு முப்பத்தெட்டு வருஷம் ஆன பிறகும், மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

சந்தேகம் அவளுக்குத் தகப்பன் வழிச் சொத்து. அவள் அப்பா தேவாலயத்தில் கண்ணை மூடி ஜெபிக்கும்போதுகூட ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அத்தை, விருந்தாளி போனதும் கரண்டிகளை எண்ணுவாள். நீளக் காலும் அந்த வழியில் வந்ததுதான். அம்மாவின் குட்டைக் கால் அக்கா வீப்கேவுக்குப் போனது.

அம்மா செத்தபோது, அடக்கம் முடிந்து குடித்த காபி ஆறுவதற்குள், வீப்கே சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். ஹின்கேவுக்கு மிஞ்சியது அம்மாவின் சைக்கிள். ஏறினால் முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. அதைக் கொட்டகையில் சாத்திவிட்டு, ரின்ஸேயிடம் சத்தியம் வாங்கினாள்: வீப்கே வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது, அவள் பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது. ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில், கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவை அவள் பார்த்துப் பதினோரு வருஷம் ஆயிற்று.

கால்வாய் உறையாத ஒரு குளிர்காலத்தில் ரின்ஸே பழைய இரும்பு சேர்க்க ஆரம்பித்தான். குப்பைக் கிடங்கிலிருந்து இரண்டு குழந்தைச் சைக்கிள்கள் வந்தன. பின்சக்கரம் மட்டும் நன்றாக இருந்த பெரிய சைக்கிள் ஒன்று வந்தது. தோட்டத்துச் சாய்நாற்காலி வந்தது. துருப்பிடித்த செயின் மூன்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, ஒன்றோடொன்று கோத்து ஒரே செயினாக்கினான்.

"என்ன இது?" என்றாள் ஹின்கே.

"மூணு சக்கர வண்டி. சாஞ்சுக்கிட்டே மிதிக்கலாம்."

"யாருக்கு?"

"மிதிக்கிறவங்களுக்கு."

ஒரு திருகாணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷன், விருந்தாளி ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும் அந்த ஊரில் மூடிவிடும் டப்பா மாதிரி வாயை மூடிக்கொண்டான்.

கொட்டகைக் கதவின் உள்பக்கம் பென்சிலில் 91 என்று எழுதி வட்டம் போட்டிருந்ததை அவள் பார்த்தாள். பெடல் இருக்கும் முன்குழாயை இழுத்துத் தள்ளி யார் காலுக்கும் பொருத்தும்படி வைப்பதுதான் வழக்கமாம். அவனே ஒருமுறை சொன்னது. ஆனால் குழாய்க்குள் குழாய் நுழையும்படி ஜோடி கிடைக்காததால் அளந்து வெல்டு வைத்துவிட்டான். ஆக, அது உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. ஒரே ஒரு ஆளுக்குத்தான்.

அவன் முடிவெட்டப் போன நேரத்தில் ஹின்கே அதில் ஏறி உட்கார்ந்தாள். முட்டி வெட்டுக்கிளி மாதிரி எழும்பி நின்றது. தையல் டேப்பை எடுத்து அளந்தாள். அவள் கால் நூற்று மூன்று சென்டிமீட்டர். ரின்ஸேயின் கால் இன்னும் நீளம். அப்படியானால் இது யாரோ ஒரு குட்டைக் காலுக்கு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ரிக்ஸ்ட் என்று ஒரு விதவை இருந்தாள். வசந்தத்தில் அவள் வீட்டுக் குழாய் இரண்டு தடவை ஒழுகியது. இரண்டு தடவையும் போனது ரின்ஸேதான்.

ரின்ஸேயின் சித்திக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. எல்லாரும் வட்டமாகப் போட்ட நாற்காலிகளில், மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஹின்கே ரிக்ஸ்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, கொஞ்ச நேரத்தில் கீழே குனிந்தாள்.

"ஹின்கே, அங்க என்ன பண்றே?"

"கரண்டி விழுந்துடுச்சு."

"கரண்டி உன் வாயில இருக்கு. அந்த டேப்பு எதுக்கு? எனக்குச் சவப்பெட்டி செய்யப் போறியா? கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கேக்கை முடிச்சுக்கறேன்!"

வட்டம் முழுக்கச் சிரித்தது. ரின்ஸே மட்டும் சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்தான். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். அளவு உத்தேசமாகத் தொண்ணூறு வந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை ரின்ஸே வண்டியை வெளியே எடுத்தான். பின்னால் ஒரு கம்பில் ஆரஞ்சுக் கொடி.

"ஓட்டிப் பார்த்துட்டு வரேன்."

"போய்ட்டு வா," என்றாள். ஒரு காபி குடிக்கும் நேரம் விட்டு, தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்தச் சமவெளியில் ஒளிய ஒரு மேடுகூடக் கிடையாது. கொடிக்கும் தனக்கும் நடுவே அரை மைல் விட்டு, எதிர்காற்றில் மிதித்தாள். அவனுக்குப் பொருந்தாத வண்டியில் அவன் முட்டிகள் காதுக்குப் பக்கத்தில் ஏறி இறங்கின. இவ்வளவு அவஸ்தைப்பட்டு ஒருத்தன் போகிறான் என்றால்!

ரிக்ஸ்ட் வீடு வந்தது. கொடி வேகம் குறையவில்லை. ரிக்ஸ்ட் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். கொடி தாண்டிப் போய்ப் பாலத்தில் ஏறியது.

பாலத்துக்கு அப்பால் மூன்றே வீடுகள்தான். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாவதில் இருந்தவர்கள் எல்லாரும் நெடிய ஆட்கள், பாட்டன் காலத்திலிருந்தே. மூன்றாவது வீட்டுக்குப் பச்சைக் கதவு. ஹின்கே பாலத்தின் மேலேயே இறங்கி நின்றுவிட்டாள். விதவை வீடாகவே இருந்திருக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பதினோரு வருஷமும் இவன் இங்கே வந்துகொண்டுதான் இருந்தானா?

ரின்ஸே வேலிக்கு வெளியே ரோட்டிலேயே நின்றான். வீப்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தள்ளவில்லை, கைத்தடி மாதிரி அதன்மேல் சாய்ந்து நடந்தாள். இடது கால் இழுத்தது. அக்காவுக்கு இப்படி ஆனதை ஹின்கேவிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று விதித்தவளே அவள்தான்.

காற்று அங்கிருந்து வீசியதால் பேச்சு அவள் காதுக்கு எட்டியது.

"நீ சைக்கிளைத் தள்ளிட்டே போறதை ரெண்டு தடவை சந்தைல பார்த்தேன் வீப்கே. ஏறவே இல்லை. அதான்."

"பக்கவாதம் வந்துட்டுப் போச்சு. ரெண்டு சக்கரத்துல நிக்க முடியலை. உள்ள வா ரின்ஸே."

"படி மிதிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன். ரோட்டைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லை. உக்காரு. இதுலேர்ந்து விழுந்தாலும் தரை ஒரு சாண்தான்."

வீப்கே உட்கார்ந்தாள். கால்கள் நேராகப் போய்ப் பெடலில் பதிந்தன.

"அட! எப்ப என்னை அளந்தே?"

"உன்னை எங்க அளந்தேன்? உங்கம்மா சைக்கிளை அளந்தேன், சீட்டுலேர்ந்து பெடல் வரைக்கும். அம்மா காலு உனக்குத்தான் வந்துச்சுன்னு வீட்டுல ஒருத்தி எப்பவோ சொன்னது."

"ஹின்கேவுக்கு இது தெரியுமா?"

"பாலத்து மேல நிக்கிறா. ரிக்ஸ்ட் வீட்டுக்கு முன்னாலேர்ந்தே கண்ணாடில பார்த்துட்டுத்தான் வரேன்."

வண்டியின் கைப்பிடியில் குழந்தைச் சைக்கிளின் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஹின்கே தன் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பினாள். மிதிக்காமலே காற்று கொண்டுபோய் விட்டுவிடும். பிறகு மறுபடி திருப்பித் தள்ளிக்கொண்டு பாலம் இறங்கினாள்.

அக்காவிடம் அவள் முதலில் கேட்டது, "அந்தக் கடிகாரம் ஓடுதா?"

கீழிருந்து நிமிர்ந்து பார்த்தாள் வீப்கே. "ஏழு நிமிஷம் பின்னால. நம்பலைன்னா உள்ள போய்ப் பாரு."

ஹின்கே குனிந்து வெல்டை நகத்தால் சுரண்டினாள். "இது தாங்குமா ரின்ஸே?"

"தாங்கும்."

"பார்க்கலாம்." பச்சைக் கதவு வரை போனவள் திரும்பினாள். "ரோட்டுல ஏன் நிக்கிறே? வா."

"சத்தியம்?"

"வாங்கினவ நான்தானே. திருப்பித் தந்துட்டேன், வா."

ஆறு வருஷம் ஞாயிறுதோறும் ஆரஞ்சுக் கொடி ஹின்கே வீட்டுக்கு வந்தது. எந்த வாரமாவது கொஞ்சம் தாமதமானால், அக்காவிடம் "ரிக்ஸ்ட் வீட்டுல நின்னு என்ன பேசினே?" என்று கேட்காமல் அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்ததில்லை. வீப்கே செத்து மூன்று வருஷமாகிறது. வெல்டு விடவே இல்லை.

நம்பாதவர்கள் போய்க் கேட்கலாம்: ரின்ஸே இப்போது ஹார்லிங்கனில், கடலை ஒட்டிய முதியோர் இல்லத்தில், கீழ்த்தளத்து ஏழாம் அறையில் இருக்கிறான்.