பட்டுக்கைக்கு இரண்டு மொட்டை

அந்தத் தெருவில் அவருக்குப் பட்டுக்கை என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எதிர்க் கடைக்காரரே கொஞ்சம் யோசிப்பார். இரண்டு நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஓயாமல் பேசும் ஒரு ரேடியோ, இவ்வளவுதான் அவருடைய முடிதிருத்தும் கடை. அவர் கத்தியைக் கன்னத்தில் வைத்தால் வைத்ததே தெரியாது. பாதிப் பேர் சவரம் முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள், அவர்களை எழுப்பி அனுப்புவதே தனி வேலை. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அறுபதை நெருங்கியும் கொட்டாத, பின்னுக்கு வாரினால் அலை அலையாக நிற்கிற தலைமுடி. "கடைக்கு போர்டு எதுக்கு? என் தலை போதாதா?" என்பார்.

அந்தக் கைக்குத்தான் ஆட்டம் வந்தது.

முதலில் டீ டம்ளர் தளும்பியது. பிறகு கையெழுத்து கோணியது. மடியில் சும்மா கிடக்கும்போது கை பிள்ளை மாதிரித் தூங்கும், ஒரு வேலைக்கென்று நீட்டினால் போதும், காற்றில் கட்டிய துணியாகப் படபடக்கும். ஒருநாள் வழக்கமாக வரும் வங்கிக்காரருக்குக் காதோரம் கீறிவிட்டது. "பரவாயில்லைங்க" என்று துடைத்துக்கொண்டு போனார் அவர். அடுத்த முறை வந்தவர் ஒன்றுமே சொல்லாமல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கே வேலை செய்தவன் பட்டுக்கையின் மனைவிக்குத் தம்பி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மௌனம் சுருக்கென்று தைத்தது. அன்றைக்கே கத்தியை எடுத்து இழுப்பறையில் வைத்தவர், அதன் பிறகு பெருக்குவதும் துண்டு மடிப்பதும் வந்தவர்களிடம் வாயடிப்பதுமாகப் பொழுதைத் தள்ளினார்.

மாத்திரைகளும் சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. ஒன்று தூக்கத்தைக் கொடுத்தது, இன்னொன்று தலைசுற்றலைக் கொடுத்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் டாக்டரம்மா, ஒரு ஆராய்ச்சி நடப்பதாகச் சொன்னார்.

"கத்தி இல்லை, தையல் இல்லை. மண்டை ஓட்டுக்கு வெளியில இருந்தே ஒலியை உள்ள அனுப்புவோம்."

"ஒலியா? என் கடை ரேடியோ காலையில இருந்து கத்துதே டாக்டரம்மா, கை நிக்கலையே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "இது காதுக்குக் கேக்காத ஒலி. சின்ன வயசுல லென்ஸை வெயில்ல பிடிச்சுக் காகிதத்தைச் சுட்டிருக்கீங்களா? வெயில் எங்கேயும்தான் அடிக்குது. ஒரு புள்ளியில குவிஞ்சாதான் சுடும். அதே மாதிரி தலையைச் சுத்தி நாலா பக்கமும் இருந்து ஒலி போகும். போற வழியில எதையும் சுடாது. எல்லாம் வந்து சேருற அந்த ஒரு புள்ளியைத்தான் சுடும். உங்க கையை ஆட்டி வைக்கிறது அந்தப் புள்ளிதான்."

பட்டுக்கை தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இத்தனை ஆயிரம் தலைகளைத் தொட்டிருக்கிறார். ஒன்றுக்குள்ளும் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டரம்மா. "சிலருக்கு நிஜமா செய்வோம். சிலருக்கு எல்லாமே செய்யற மாதிரி நடக்கும், ஒலி மட்டும் போகாது. யாருக்கு எதுன்னு குலுக்கல்ல விழும். உங்களுக்கும் தெரியாது, உங்க கையை வீடியோவில பார்த்து மார்க் போடுறவங்களுக்கும் தெரியாது. மெஷின் பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"இதென்னம்மா, பெரியவங்க ஆடுற கண்ணாமூச்சியா இருக்கு?" என்றாள் பட்டுக்கையின் மனைவி.

"கை நிஜமாவே நின்னுச்சா, நின்ன மாதிரி தோணுதான்னு கண்டுபிடிக்க வேற வழி இல்லைங்க. மூணு மாசத்துல உண்மையைச் சொல்லிடுவோம். நிஜம் வரலைன்னா, நீங்க விரும்பினா அப்புறம் நிஜமாவே செய்வோம். விரல் மரத்துப்போகலாம், நடை தள்ளாடலாம், சிலருக்கு அது போகாமலே இருந்துடலாம். நல்லா யோசிச்சுட்டு வாங்க. வேண்டாம்னாலும் இப்ப பாக்கிற வைத்தியம் நிக்காது. ஆங், தலைமுடியை மழுங்க எடுக்கணும்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படீன்னா நாங்க வீட்டுக்குக் கிளம்புறோம் டாக்டர். இவரு உயிரைக் கொடுத்தாலும் கொடுப்பாரு, மயிரைக் கொடுக்க மாட்டாரு."

ஆனால் கொடுத்தார். தன் கடையிலேயே, தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து மச்சினனிடம் தலையைக் கொடுத்தார். "மேல இருந்து கீழ வாடா. தோட்டமா, தலையா? புல்லு வெட்டுற மாதிரி வெட்டுறே," என்று முடியும்வரை அதட்டினார். முடிந்ததும் கண்ணாடியில் முட்டையாக மின்னிய தலையைத் தடவிப் பார்த்தார். "இத்தனை வருஷம் அடுத்தவங்க தலையில கை வெச்சீங்க. இப்ப உங்க முறை," என்றாள் மனைவி.

தலையில் ஒரு சட்டத்தைத் திருகிப் பூட்டி, குளிர்ந்த நீர் ஓடும் கவசத்தை மாட்டி, ஸ்கேன் குகைக்குள் தள்ளினார்கள். மெஷின் தடதடத்தது. நடுநடுவே வெளியே இழுத்து, காகிதத்தில் நத்தை ஓட்டின் சுருளைப்போல ஒரு கோடு வரையச் சொன்னார்கள். வரைய வரைய ஆட்டம் குறைவதாக அவருக்குப் பட்டது. மறுநாள் டம்ளரைத் தூக்கிச் சிந்தாமல் குடித்தார். "பாருங்க டாக்டரம்மா, பாருங்க!" என்று தூக்கியும் காட்டினார். டாக்டரம்மா முகத்தில் எதுவும் தெரியவில்லை. "சரிங்க ஐயா, குறிச்சுக்கிறேன்," என்றார்.

ஒரு வாரம் வீடு விழாக்கோலமாக இருந்தது. பிறகு கை மெல்ல மெல்லப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பியது. மூன்று மாதம் கழித்து உண்மையைச் சொன்னார்கள். அவருக்கு ஒலியே போகவில்லை.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊரைக் கூட்டி மொட்டையடிச்சது இதுக்குத்தானா?"

பட்டுக்கை அவளைக் கையமர்த்தினார். "அப்ப அந்த ஒரு வாரம், டாக்டரம்மா? டம்ளர் சிந்தலையே. நான் பொய் சொல்லலைங்க."

"இல்லைங்க ஐயா. நிஜமாவே கொஞ்சம் அடங்கியிருக்கும். நம்பிக்கைக்கு அவ்வளவு பலம். அது எவ்வளவு செய்யுது, ஒலி எவ்வளவு செய்யுதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இத்தனை பாடு."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெறும் நம்பிக்கை, வெறும் நினைப்பு, தண்ணீர் டம்ளரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது! ஏமாந்ததாகத் தோன்றவில்லை. தன் உடம்புக்குள் தனக்கே தெரியாத அறை ஒன்று திறந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது.

"நான் டம்ளரைத் தூக்கிக் காட்டினப்ப உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்படிம்மா பொறுத்துக்கிட்டீங்க?"

"அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலைங்க," என்றார் டாக்டரம்மா.

நிஜமாகவே செய்ய அவர் சம்மதித்தார். மூன்று மாதத்தில் வளர்ந்திருந்த முடி மறுபடி போயிற்று. இந்த முறை மச்சினனை அவர் அதட்டவில்லை. மறுபடி சட்டம், குளிர்நீர், குகை. ஆனால் இப்போது தலைக்குள் யாரோ வெந்நீர்த் துளியை விட்டதுபோலச் சூடு பரவியது. கட்டில் கவிழ்வதுபோல உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வெளியே இழுத்து வரையச் சொன்னார்கள். முதல் சுருள் எலி கடித்த துணியாக இருந்தது. அடுத்ததில் நடுக்கம் சின்ன சின்ன அலையாகச் சுருங்கியிருந்தது. மறுபடி உள்ளே போய், மறுபடி சூடு தாங்கி வெளியே வந்து பேனாவை வைத்தார். கோடு வளைந்தது, சுற்றியது, ஒரு பிசிறில்லாமல் வெளியே வந்து நின்றது.

"இது யார் கை?" என்று கேட்டார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். விளக்குக்கு நேராகக் கையைத் தூக்கி விரலை விரித்துப் பிடித்தார். நின்றது. அடுத்த அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். அறுவைக் கத்தி படாத தலை, சொட்டு ரத்தம் இல்லை. இருட்டில் ஒரு புள்ளியைத் தேடிப் போய், அதை மட்டும் தொட்டு, மற்ற எதையும் தொடாமல் திரும்பி வந்திருக்கிறது ஒரு சத்தம், அதுவும் யார் காதுக்கும் கேட்காத சத்தம்! அவருக்கு அழுகை வந்தது. "அழலாம் ஐயா, ஆனா தலையை ஆட்டாதீங்க," என்றார் டாக்டரம்மா.

எல்லாமே நேராகிவிடவில்லை. சில வாரம் குடித்தவர் மாதிரித் தள்ளாடி நடந்தார். கட்டைவிரல் நுனி மரத்ததும் மரத்ததுதான், கத்தியின் கூர்மையைச் சுட்டுவிரலால் பார்க்கப் பழகிக்கொண்டார். செய்தது வலது கைக்கு மட்டும் என்பதால், கூடவே ஆடிய இடது கை இன்னும் ஆடுகிறது. கத்தியை எடுத்த முதல் நாள் மச்சினன்தான் கழுத்தை நீட்டினான். "மாமா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. பாத்து," என்றவன் பாதியிலேயே தூங்கிவிட்டான்.

வருஷத்துக்கு ஒருமுறை பட்டுக்கை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சுருள் வரைந்துவிட்டு வருகிறார். ஆராய்ச்சிப் பிரிவின் நடை நீளமானது. ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சுக்கான மருந்து, ஒன்றில் தோலுக்கு, ஒன்றில் சிறுநீரகத்துக்கு, ஒன்றில் புற்றுநோய்க்கு. கதவுக்குக் கதவு பெஞ்சு, பெஞ்சு நிறைய ஆட்கள். போன முறை பக்கத்தில் ஒரு வயதான அம்மா மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தார். கையில் மூச்சிழுக்கும் மருந்துக் குழல்.

"உங்களுக்கு வந்தது நிஜமா, போலியாம்மா?" என்று கேட்டார் பட்டுக்கை.

"யாருக்குத் தெரியும்? எனக்கென்னவோ போலின்னுதான் படுது."

"அப்புறமும் விடாம வர்றீங்களே?"

அந்த அம்மா மூச்சைச் சேகரித்துக்கொண்டு சொன்னார். "போலி வாங்கவும் ஆள் வேணும்ல, தம்பி? அந்தப் பக்கம் யாரும் உக்காரலைன்னா, இந்தப் பக்கம் நல்லாச்சுன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா குழலைப் பையில் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக நடந்து போனார். கதவு மூடும்வரை பட்டுக்கை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.