கூப்பிட்டதும் வந்த கோழிகள்

அண்ணி கோழிகளைக் கூப்பிடும்போது உதட்டைக் குவித்து, "ப்பா... ப்பா... ப்பாப்பாப்பா" என்று ஒரு குரல் கொடுப்பாள். மெதுவாகத் தொடங்கி, முடிவில் வேகமெடுக்கும் குரல். கடல் இரைச்சலைத் தாண்டி அது தாழம்புதர் வரைக்கும் போகும். புதருக்குள்ளிருந்தும், கரையேற்றிய படகுகளுக்கு அடியிலிருந்தும், வலைக் குவியல்களின் மேலிருந்தும் கோழிகள் இறக்கையை விரித்தபடி மணலில் ஓடிவரும். அவளுடைய கோழிகள் மட்டுமல்ல, மற்ற வீட்டுக் கோழிகளும் ஓடிவரும். எங்கள் குப்பத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னாடி மருந்து வச்சிக்கிற அந்தத் தொண்டையில?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பாள். அந்தச் சிரிப்பு எங்கள் குப்பத்தில் ஒருநாள் நின்றுபோனது. எப்படி என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் எங்கள் ஊர். அண்ணி இந்த மண்ணில் பிறந்தவள் இல்லை. திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் விளைகிற ஊர் ஒன்றிலிருந்து, வீட்டாருக்குச் சொல்லாமல் என் அண்ணனோடு வந்தவள். கடலுக்குப் போகாத நாட்களில் அண்ணன் வண்டியில் மீன் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்து ஊர்களில் விற்கப் போவான். அப்படிப் பழகியதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் ஏரியைத் தாண்டி வரவில்லை. வந்த புதிதில் அண்ணி வாசலில் உட்கார்ந்து மணலையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொத்தமல்லி தூவிப் பார்த்தாள், வெண்டை ஊன்றிப் பார்த்தாள். முளைத்ததெல்லாம் உப்புக்காற்றில் கருகிப்போனது. ஒருநாள் அண்ணன் படகிலிருந்து இறங்கியபோது அவன் கையில் ஒரு கோழியும் சேவலும் கால் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கின. "உங்க ஊர்லேர்ந்து யாரும் வர்லனு அழுதுக்கினு இருந்தியே, ரெண்டு ஒறவுக்காரங்கள இட்னு வந்துக்கிறேன், பாரு" என்றான். அண்ணி அழுதுகொண்டே சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

உடைந்த ஃபைபர் படகின் முன்பாதியைக் கவிழ்த்துப் போட்டு, திறந்த பக்கத்தில் பழைய நண்டு வலையைக் கட்டிக் கூண்டாக்கினான் அண்ணன். வயல் ஊரில் கோழிகள் நெல்லையும் கரையானையும் தின்று வளரும். இங்கே இறால் தலையும், வலையிலிருந்து உதறிவிடும் பொடி மீனும், ஈர மணலில் ஓடும் குட்டி நண்டும்தான் தீனி. நண்டைக் கொத்தப் போய், அது மூக்கைப் பிடித்துக்கொள்ள, தலையை உதறிக்கொண்டு ஓடிய சேவலைப் பார்த்துக் குப்பமே சிரித்திருக்கிறது. முட்டையின் மஞ்சள் கரு செங்காவி நிறத்தில் இருக்கும். லேசாக மீன் வாடையும் அடிக்கும். கீரியும் செம்பருந்தும் நரியும் தின்றதுபோக மிஞ்சியவை பெருகின. அண்ணி யாருக்கும் குஞ்சு இல்லை என்று சொன்னதில்லை. ஒரு வீட்டில் மருமகள் வந்தால் ஒரு பெட்டைக் குஞ்சு, பிள்ளை பிறந்தால் ஒன்று. சில வருடங்களில் குப்பத்திலிருந்த கோழிகள் எல்லாமே அவள் கூண்டில் பொரித்தவை, அல்லது அவற்றின் பிள்ளைகள். அதனால்தான் எல்லாமே அவள் குரலுக்கு வந்தன. குஞ்சாக இருந்தபோது முதன்முதலில் கேட்ட குரல் அது.

முகத்துவாரத்தில் மணல் ஏறிப்போய், படகுகள் கடலுக்குள் போகவும் வரவும் திண்டாடிய ஒரு வருடத்தில் என் அண்ணன் இறந்தான். திரும்பி வரும்போது, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அலை படகைப் புரட்டிவிட்டது. கூடப் போனவர்கள் நீந்தி வந்தார்கள். அண்ணன் மறுநாள்தான் கரைக்கு வந்தான். அப்போது அவன் மகள் பேசத் தொடங்கிய வயது. அண்ணி திரும்பிப் போக முடியாதவள். பிறந்த வீட்டிலிருந்து சாவுக்கும் ஒருவரும் வரவில்லை. என் அம்மா அவளைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை. நைனா மட்டும், "கொயந்த இங்கதான் வளரட்டும்" என்றார். அதன் பிறகு அண்ணியையும் அந்தக் குழந்தையையும் நிற்கவைத்தவை கோழிகள்தான். பள்ளிக்கூடத்துச் சட்டையும் செருப்பும் அந்த முட்டைகளிலிருந்து வந்தன. அதைவிட, காலையில் எழுந்து கூண்டைத் திறந்துவிட ஒரு காரணம் இருந்தது. குழந்தையும் கோழிகளோடுதான் கிடந்தாள். பாயில் குஞ்சுகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவாள். கழுத்தில் இறகே இல்லாத கழுத்தறுத்தான் கோழி ஒன்று இருந்தது. பார்க்க அத்தனை அவலட்சணம். அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிவாள்.

மழை முடிந்து ஏரியில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கியிருந்த ஒரு பருவம் அது. முதலில் ஏரிக்கரையில் வாத்துகள் செத்து ஒதுங்கின. யாரோ மருந்து வைத்துவிட்டதாகப் பேசிக்கொண்டோம். பிறகு எளாவூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் கொத்துக்கொத்தாய்ச் சாகின்றன என்று செய்தி வந்தது. அடுத்து எங்கள் குப்பத்தின் வடக்கு முனையில், ஒரு வீட்டில், கொண்டை கறுத்து, கழுத்து தொங்கி இரண்டு கோழிகள் செத்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். நோய் பரவாமலிருக்கச் சுற்றிலுமுள்ள கோழிகளையெல்லாம் கொன்று புதைக்க உத்தரவாகியிருப்பதாகவும், மறுநாள் எங்கள் ஊருக்கு ஆள் வரும் என்றும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் பெண்கள் எங்கள் வாசலில் கூடினார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னாள். அவளும் புருஷனை இழந்தவள். ஒரே மகன் வேலை தேடிப் போனவன், வருவதில்லை. "யாரும் கூண்டுல அடைக்காதீங்க. தாழங்காட்டுல வுட்டுருவோம். அவங்க இன்னா, ஓடியா புடிக்கப் போறாங்க? ஒருநாள் நின்னு பாத்துட்டுப் பூடுவாங்க" என்றாள். எல்லோரும் சரி என்றார்கள். அண்ணியும் தலையாட்டினாள். உள்ளே குழந்தைக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். இருமலும் இருந்தது. அண்ணி அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த என்னையும் கண்ணால் அடக்கினாள்.

மறுநாள் காலை படகில் வந்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் உடுப்பு, கண்ணை மூடிய கண்ணாடி, கையுறை. யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை. குப்பத்துக்குப் பின்னால் குழி தோண்டினார்கள், சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கினார்கள். பிறகு கோழி பிடிக்க ஓடினார்கள். காட்டில் சுதந்திரமாகத் திரிந்து வளர்ந்த கோழிகளை மணலில் ஓடிப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை. தாழை முள் உடுப்பைக் கிழித்தது. ஒருவர் விழுந்து கையை ஊன்றி வலியில் கத்தினார். பெண்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குத் தலைமையாக வந்தவர் ஒரு கால்நடை டாக்டரம்மா, சின்ன வயதுக்காரர். எங்கள் வாசலுக்கு வந்து முகமூடியை இறக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டார். நான் சொம்பில் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே குழந்தை இருமினாள். டாக்டரம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா அது? குழந்தையா? காய்ச்சல் இருக்கா?"

நான், "ஆமாங்க" என்றேன்.

"கோழியைத் தொட்டுச்சா?"

"கூடவேதாங்க இருக்கும்" என்றாள் அண்ணி.

டாக்டரம்மா அதட்டவில்லை, பயமுறுத்தவும் இல்லை. "இது அந்தக் காய்ச்சலாத்தான் இருக்கணும்னு இல்ல. மனுஷங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா வந்தா மோசம். எங்க படகுலயே ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். இன்னொரு குழந்தைக்கு வராம இருக்கணும்னா இந்தக் கோழிங்க இருக்கக் கூடாதும்மா. எங்களால பிடிக்க முடியல" என்றார்.

அண்ணி உள்ளே போய்க் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் கையில் நொய்யரிசி இருக்கும் தகர டப்பா. பக்கத்து வீட்டு அக்கா என்ன நடக்கப்போகிறது என்பதை எனக்கு முன்பே புரிந்துகொண்டாள். "வாணாம்... அடியே, வாணாம்டி, உன் கால்ல வுழறேன்" என்று ஓடிவந்தாள். அண்ணி அவளைப் பார்க்கவில்லை. தாழங்காட்டைப் பார்த்து நின்று, உதட்டைக் குவித்துக் கூப்பிட்டாள்.

முதல் குரலுக்கே வந்தன. துரத்தப்பட்ட பயத்தில் இருந்ததாலோ என்னவோ, என்றைக்கும்விட வேகமாக ஓடிவந்தன. சேவல், கருங்கோழி, பொட்டுக்கோழி, பக்கத்து வீட்டு அக்காவின் வெள்ளைப் பெட்டைகள், தெற்குத் தெருக் கோழிகள், எல்லாம் அவள் காலைச் சுற்றி வந்து நின்றன. நொய்யைக் கொத்தின. வெள்ளை உடுப்புக்காரர்கள் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கழுத்தைத் திருகும் சத்தம் ஈரத்துணியைப் பிழிவதுபோல இருந்தது. பக்கத்தில் ஒன்று செத்துக்கொண்டிருக்க மற்றது கொத்திக்கொண்டிருந்தது. கழுத்தறுத்தான் மட்டும் நொய்யை விட்டுவிட்டு, குழந்தை வழக்கமாக உட்காரும் படிக்கட்டில் ஏறி நின்றது. அண்ணியே அதைத் தூக்கிவந்தாள். டாக்டரம்மா, "நீங்க உள்ள போங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அண்ணி போகவில்லை. கோழிகள் கலைய ஆரம்பித்தபோது மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் வந்தன. டப்பா காலியான பிறகும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசி மூட்டையின் வாயைக் கட்டிய பிறகுதான் நிறுத்தினாள்.

நானும் அண்ணியும் குழந்தையோடு அவர்கள் படகில் ஏறினோம். ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து, மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சி விட்டுச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை அண்ணி சாப்பிடவில்லை. அந்தக் காய்ச்சல் இல்லை என்று வந்தது. பருவம் மாறும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற சாதாரணக் காய்ச்சல். நர்ஸ் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சாமியைக் கும்பிட்டேன். அண்ணியும் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியபோது படகுத்துறையில் நின்றிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நேரே வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். "நல்லா கீதா?" என்றாள். "இருக்குதுக்கா" என்றாள் அண்ணி. "சரி. உன் கொயந்த உனுக்கு கெடச்சிருச்சி. என் கோழிங்கள எங்கனு போய்க் கேப்பேன்?" சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அதன்பிறகு அவள் அண்ணியிடம் பேசவே இல்லை. மீன் எடுக்கப் போகும் பெண்கள் அண்ணியைக் கூடச் சேர்க்கவில்லை. என் அம்மாகூட, "எம்மவன் வாங்கியாந்த கோழிங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவின் ஆட்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. அவர்கள் வந்த வேலையைச் செய்துவிட்டுப் போனவர்கள். கூப்பிட்டவள்தான் எங்களோடு இருந்தாள்.

குப்பத்தில் விடிந்தால் சேவல் சத்தம் இல்லை. அப்படியிருக்க, சில நாட்கள் கழித்துத் தாழம்புதரிலிருந்து ஒரு கோழி குஞ்சுகளோடு வெளியே வந்தது. புதருக்குள் எங்கோ முட்டையிட்டு அடைகாத்திருக்கிறது. அடைக்கோழி யார் கூப்பிட்டாலும் எழுந்து வராது, அதனால் பிழைத்திருந்தது. குஞ்சுகளை இழுத்துக்கொண்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்து, அண்ணியின் முன்னால் நின்று குரல் கொடுத்தது. "அண்ணி, பாருங்க அண்ணி" என்றேன். அண்ணி துடைப்பத்தை எடுத்துத் தரையில் அடித்து அதைத் துரத்தினாள். அது போய்ப் போய்த் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் துரத்தினாள். நான் போட்ட அரிசியைக் கோழி தின்றது. ஆனால் என் குரலுக்கு அது நிற்கவில்லை. பருந்து வந்தால் எச்சரிக்கச் சேவல் இல்லை, கூட்டம் இல்லை. வெட்டவெளி மணலில் குஞ்சுகள் ஒன்றொன்றாகப் போயின. ஒருநாள் காலை தாய்க்கோழியின் இறகுகள் மட்டும் படகடியில் கிடந்தன. அண்ணி அவற்றைக் கூட்டி அள்ளினாள். அந்த மாதமே மகளைக் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போய்விட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

இப்போது அவள் அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்கிறாள். மகள் நர்சிங் படிக்கிறாள். சென்ற முறை நான் போயிருந்தபோது அண்ணி தரையில் உட்கார்ந்து கிழங்கான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் வகுப்பில் ஏதோ நோயைப் பற்றிப் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"அத்த, ஒன்னு கேக்கறேன். அன்னிக்கி எனுக்கு ஜுரம் வர்லனா, அம்மா கோழிங்கள கூப்ட்டிருக்க மாட்டாங்க தான?"

எத்தனை வருடங்களாக அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்தாளோ, தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி மீனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "உனுக்காக இல்லடி. அந்த டாக்டரம்மா சின்னப் பொண்ணு. வெயில்ல நின்னு தவிச்சிக்கினு இருந்தாங்க. பாக்கப் பாவமா இருந்துது. அதான் கூப்ட்டேன்."

கோழிகளைக் கூப்பிட்ட அந்த நாள் மார்கழி மாதத்தில். அன்று முழுக்க வானம் மூடிக் கிடந்தது. குழந்தையைப் படகில் ஏற்றும்போது தூறலுக்கு நான்தான் அவள் தலையில் துண்டைப் போட்டேன்.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். "ஆமாம்மா" என்றேன், "அன்னிக்கி நல்ல வெயிலு."

அண்ணி அடுத்த மீனை எடுத்து வயிற்றைக் கீறினாள்.